சுகர் இருக்கு, ஆனா சோத்தைக் குறைக்கக் கூடாது

இந்த வார எபிசோட்ல தானியங்கி இன்சுலின் பம்ப் பத்திப் பேசினோம். டைப் 1, டைப் 2 ரெண்டிலும் சேராத ஒரு சர்க்கரை நோய்க்கு அது எப்படி உதவும்னு இங்க பார்க்கலாம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபணு நோய். உடம்புல சுரக்கிற சளி கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும். கணையம் தழும்பேறி, இன்சுலின் சுரக்கும் செல்கள் குறையும். இந்த நோய் உள்ள பெரியவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு சர்க்கரை நோயும் வருது. அறிகுறியே இல்லாம வரலாம். அதனால 10 வயசிலிருந்து வருஷா வருஷம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.

சுகர்னு கேட்டதும் நம்ம வீட்டுல பெரியவங்க "சோத்தைக் குறை"ன்னுதான் சொல்லுவாங்க. இவங்களுக்கு அது ஆபத்தா முடியலாம். செரிமானம் சரியா நடக்காது, எடை குறைஞ்சா நுரையீரலும் பலவீனமாகும். டயட்டீஷியன் சொல்லாம சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி இன்சுலின் போடணும்.

அதுக்குத்தான் இந்த பம்ப். சர்க்கரையை அளக்க ஒரு சென்சார், இன்சுலின் செலுத்த ஒரு பம்ப், நடுவுல ஒரு அல்காரிதம். உதாரணமா, டாண்டம் நிறுவனத்தோட கண்ட்ரோல்-ஐக்யூ 5 நிமிஷத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்து, அடுத்த 30 நிமிஷத்துல சர்க்கரை எங்க போகும்னு கணிக்கும். அதுக்கேத்தபடி இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், தேவைப்பட்டா நிறுத்தும்.

ஏன் கணிக்கணும்? தோலுக்கடியில போன இன்சுலின் முழு வேகத்துல வேலை செய்ய சுமார் ஒரு மணி நேரம் ஆகும். சாஃப்ட்வேர் ஆளான எனக்கு இது லேட்டன்சி. உள்ள போன இன்சுலினைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அன்டூ கிடையாது. அதனால இந்த பம்ப் முழு ஆட்டோமேட்டிக் ஆகல. சாப்பிடும் முன்னாடி எத்தனை கிராம் மாவுச்சத்துன்னு நாமதான் சொல்லணும்.

இவங்க வாழ்க்கையில மாறாத நாளே கிடையாது. அடிக்கடி சாப்பிடணும், சிலருக்கு ராத்திரி குழாய் வழியா உணவு போகும், தொற்று வந்தா சர்க்கரை ஏறும், ஸ்டீராய்டு கொடுத்தா இன்னும் ஏறும். ஒரே டோஸை தினமும் போடுறது ஹார்ட்கோட் பண்ணின மாதிரி. லூப் இருந்தா, நீங்க தூங்கும்போதும் ஒருத்தர் ஆன்-கால்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஆனா இங்க பிரிட்டன்ல ஒரு சிக்கல் இருக்கு. 2023 டிசம்பர்ல நைஸ் அமைப்பு என்.எச்.எஸ்.ல இந்த பம்ப்களைக் கொடுக்கலாம்னு வெளியிட்ட வழிகாட்டுதல் டைப் 1-க்கானது. கண்ட்ரோல்-ஐக்யூவுக்கு அமெரிக்காவுல 2019-ல கிடைச்ச அனுமதியும் டைப் 1-க்குத்தான். நோயோட பேர் வேறங்கிறதால இவங்க அந்த வரிசைக்கு வெளிய நிக்கிறாங்க.

உங்க குடும்பத்துல, நண்பர்கள்ல யாருக்காவது இது இருந்தா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் டீம், டயபடிஸ் டீம் ரெண்டு பேர்கிட்டயும் லூப் பத்தி நேரடியா கேட்கச் சொல்லுங்க. பம்ப் உடனே கிடைக்கலைன்னா, சென்சார் மட்டுமாவது கிடைக்குமான்னு கேட்கலாம்.