ஆண் மான் ஏன் ஊர் சுத்துது?

சென்னையில கிண்டி தேசியப் பூங்காவுலயோ, பக்கத்து ஐஐடி வளாகத்துலயோ புள்ளிமான் கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? பெரிய கொம்போட நிக்கிற ஆண் மான்தான் கூட்டத்துக்குத் தலைவர்னு நினைச்சிடுவோம். உண்மையில அவர் அங்க விருந்தாளி. இன்னிக்கு இந்தக் கூட்டம், கொஞ்ச நாள்ல வேற கூட்டம்.

காரணம் சிம்பிள். ஒரு பெண் மான் கருத்தரிக்கத் தயாரா இருக்கிறது ஏறக்குறைய ஒரு நாள்தான். அந்த நாள் எப்போ வரும்ங்கிறதுதான் ஆண் மானோட பயணத்தையே தீர்மானிக்குது.

முதல்ல ஒரு குளிர் நாட்டைப் பார்ப்போம். ஸ்காட்லாந்துல ரம்னு ஒரு தீவு (சிரிக்காதீங்க, பேரே அதுதான்). அங்க இருக்கிற சிவப்பு மான்களைப் பல பத்தாண்டுகளா ஆய்வாளர்கள் கவனிச்சுட்டு வர்றாங்க. குட்டி பிழைக்கணும்னா, புல் நல்லா வளர்ற கோடைத் தொடக்கத்துல பிறக்கணும். கர்ப்பகாலம் சுமார் 8 மாசம். கணக்குப் போட்டா விடை அக்டோபர்! பெரும்பாலான பெண் மான்கள் சில வாரத்துக்குள்ளயே தயாராகிடும். அதனால மத்த மாசங்கள்ல தனியா மேயுற ஆண் மான்கள், செப்டம்பர் கடைசியில பெண்கள் மேயுற இடத்துக்கு வந்து, ஒரு கூட்டத்தை வளைச்சு அங்கேயே நின்னுடும். உறுமல், சண்டை, காவல்னு சாப்பிடக்கூட நேரம் இருக்காது. உடம்பு கரைஞ்சுடும்.

நம்ம புள்ளிமானுக்கு இந்த அவசரம் இல்ல. இங்க எந்த மாசமும் குட்டி பிறக்கலாம். ஒரு கூட்டத்துல இன்னிக்கு ஒரு பெண் மான் தயாரா இருக்கும். அடுத்தது எப்போனு தெரியாது. ஒரே இடத்துல காத்திருந்தா நஷ்டம். அதனால கொம்பு முத்தின ஆண் மான், மோப்பம் பிடிச்சுக்கிட்டே கூட்டம் கூட்டமா தேடிப் போகும். தயாரா இருக்கிற பெண் கிடைச்சா கூடவே காவல் நிக்கும், அப்புறம் கிளம்பிடும்.

இந்த ஊர்சுத்தல் வீண் இல்ல. ஒரு பகுதியோட மரபணு இன்னொரு பகுதிக்குப் போறதே இப்படித்தான். வழியில மதிலோ, நெடுஞ்சாலையோ வந்தா அது நின்னுடும். நெருங்கின உறவுக்குள்ளயே இனப்பெருக்கம் நடந்து, தலைமுறை பலவீனமாகும். கிண்டி பூங்காவோட பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான், சுத்தியும் நகரம்.

நாளைக்கு ரோடு போடப் போறதும், மதில் கட்டப் போறதும் நாமதான். பிளான் வரையும்போது மானோட வழிக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்க.