பத்து மீட்டர் இறக்கம், ஒரு கிலோ அழுத்தம்

எங்கள் கொல்லிமலையில் பல தோட்டங்களுக்கு மோட்டார் தேவையில்லை. மேலே சுனை, கீழே மிளகு. நடுவில் பைப் போட்டால் தண்ணீர் தானாக இறங்கும், கரண்டும் வேண்டாம். ஆனால் எந்தப் பைப் என்பதில்தான் காசு கரைகிறது.

போன கோடையில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டார்: "அண்ணா, பைப்புல 0.4 எம்.பி.ஏ.ன்னு அடிச்சிருக்கு. கடையில நாலு கிலோ பைப்புங்கிறாங்க. வால்வை மூடினா பிரஷர் மீட்டர் முள்ளு 78 பி.எஸ்.ஐ.ல நிக்குது. எதை எதோட ஒப்பிடறது?"

எல்லாம் ஒரே அழுத்தம்தான். வள்ளத்திலும் அளக்கலாம், படியிலும் அளக்கலாம் என்பது போல. மலைக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட எளிய அளவு மீட்டர். 10 மீட்டர் நேர் இறக்கம் இருந்தால் அடியில் 1 கிலோ அழுத்தம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஒரு கிலோ எடை. அதுவே 14.2 பி.எஸ்.ஐ., 0.98 பார், 0.098 மெகா பாஸ்கல். பைப்பில் எம்.பி.ஏ. என்று இருப்பது இந்த மெகா பாஸ்கல்தான். பத்தால் பெருக்கினால் கிலோ வந்துவிடும். பி.எஸ்.ஐ.யை 14-ஆல் வகுக்க வேண்டும். பாரும் கிலோவும் நம் வேலைக்கு ஒன்றே.

தம்பியின் 78-ஐ வகுத்தால் ஐந்தரை கிலோ. பைப்போ நாலு கிலோவுக்குத்தான். "தண்ணி நல்லாத்தானே ஓடுது?" என்றார். ஓடும்போது அழுத்தத்தில் ஒரு பங்கு பைப்பின் உராய்விலேயே கழிந்துவிடும். ராத்திரி வால்வை மூடியதும் முழு ஐந்தரையும் அடிப்பைப்பின் மேல் உட்காரும். சட்டென்று மூடினால் அதற்கும் மேல் ஒரு உதை விழும். விரிசல் எப்போதும் கீழ்க்கோடியிலேயே விழுவது இதனால்தான்.

அளக்க வேண்டியது பைப் நீளத்தை அல்ல, நேர் உயரத்தை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். படிப்படியாக இறங்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். செல்போன் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள், பல மீட்டர் தவறும். இன்னொன்று: "தொட்டியைப் பெருசா கட்டினா பிரஷர் ஏறும்" என்பார்கள். ஏறாது. ஆயிரம் லிட்டரோ ஐயாயிரமோ, உயரம் ஒன்றென்றால் அழுத்தமும் ஒன்றுதான்.

தம்பிக்கு இறக்கம் 55 மீட்டர். பைப்பை மாற்றாமல், 30 மீட்டர் இறங்கிய இடத்தில் ஒரு திறந்த தொட்டி வைத்து மிதவை வால்வு மாட்டினோம். திறந்த தொட்டியில் அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இப்போது மேல்பாதியில் 3 கிலோ, கீழ்ப்பாதியில் இரண்டரை. சொட்டுநீருக்கு ஒரு கிலோ போதும் என்பதால் மீதியை வால்வில் குறைத்துக்கொள்கிறார்.

கிணற்றிலிருந்து இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1.03 கிலோ, அதாவது 10.3 மீட்டர் தண்ணீர். ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் நமக்கு அது ஏறத்தாழ 9 மீட்டர்தான். கீழே நாமக்கல்லில் ஏழு மீட்டர் உறிஞ்சிய மோட்டார் இங்கே திணறும். அதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வையுங்கள்.