ஸ்பானிய மொழியில் லாபம்

ஸ்பானிய மொழியில் லாபத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நிற்காது. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்தோ, ஆவடி, பூவிருந்தவல்லிப் பட்டறைகளிலிருந்தோ ஸ்பானிய மொழியில் வணிகக் கடிதம் எழுதுபவர், அது எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

செலவு போக மிஞ்சும் பணம் பொதுவாக 'கனான்சியா'. கணக்கேட்டில் அதை ஸ்பெயின் 'பெனெஃபிசியோ' என்கிறது. மெக்சிகோ 'உதிலிதாத்' என்கிறது. ஸ்பெயின்காரருக்கு 'உதிலிதாத்' என்றதும் பயன்பாடுதான் முதலில் நினைவுக்கு வரும். குறளில் ஆதாயத்தைக் குறித்த 'ஊதியம்' இன்று சம்பளமாகிவிட்டதல்லவா, அப்படித்தான். மெக்சிகோவில் இச்சொல் தொழிலாளர் வீடுவரை புழங்குகிறது. நிறுவனங்கள் வரிக்குரிய லாபத்தில் 10 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பகிர வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பங்குக்கே 'உதிலிதாதேஸ்' என்று பெயர். உழைத்தவருக்கும் லாபத்தில் உரிமை தரும் அருமையான ஏற்பாடு இது.

பணமல்லாத பயனுக்கு 'ப்ரோவெச்சோ' பொருந்தும். படிப்பால் கிடைப்பதும் ஓய்வால் கிடைப்பதும் இதில் அடங்கும். உணவருந்துபவரை 'புவென் ப்ரோவெச்சோ' என்று வாழ்த்துவதும் உண்டு. 'ப்ரோப்பியோ' சேர்ந்து 'ப்ரோவெச்சோ ப்ரோப்பியோ' ஆனால் அது சொந்த ஆதாயம்; பதவியைத் தவறாகப் பயன்படுத்துவோரைப் பற்றிய செய்திகளில் அடிபடுவது.

பணம் ஈட்டும் நோக்கத்தைப் பற்றிப் பேசும்போது வரும் சொல் 'லுக்ரோ'. லாப நோக்கற்ற அமைப்பை ஸ்பெயினில் 'சின் ஆனிமோ தே லுக்ரோ' என்றும், லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் 'சின் ஃபினேஸ் தே லுக்ரோ' என்றும் குறிப்பிடுவார்கள்.