சென்னைக்கு விமானமா, அதிவேக ரயிலா?

வணிகனுக்குப் பணம் மட்டுமல்ல, நேரமும் முதல்தான். ஒரு நாள் கடை பூட்டினால் அன்றைய வியாபாரம் போனதுதான். எனவே புல்லட் ரயில் பற்றிய பேச்சை நம் திண்டுக்கல் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானம் ஒன்றேகால் மணியில் பறந்துவிடும். ஆனால் நமக்கு மதுரை விமான நிலையம் போக ஒன்றரை மணி, அங்கே காத்திருக்க ஒன்றரை மணி, சென்னையில் இறங்கிப் பாரிமுனை சேர ஒன்றரை மணி. ஆக மொத்தம் ஐந்தே முக்கால் மணி! 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கிய நெல்லை-சென்னை வந்தே பாரத் வண்டியில் திண்டுக்கல்லில் ஏறினால், சுமார் ஐந்து மணியில் எழும்பூர். அங்கிருந்து பாரிமுனை பக்கம்தான். நேரத்தில் ரயில் ஒன்றும் சளைத்ததல்ல.

அப்படியானால் புல்லட் ரயில்? ஜப்பானில் 1964-லேயே டோக்கியோ-ஒசாகா 515 கிலோமீட்டருக்கு அது ஓடத் தொடங்கியது. ஸ்பெயினில் 2008-ல் மாட்ரிட்-பார்சிலோனா பாதை திறந்தபின், விமானப் பயணிகளில் பெரும்பகுதியினர் ரயிலுக்கு மாறினர். ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ரயிலே மேல் என்பது உலகம் கண்ட பாடம். டில்லி போன்ற நெடுந்தூரத்துக்கு விமானம்தான்.

ஆனால் விலை என்ன? 2017-ல் அடிக்கல் நாட்டிய மும்பை-ஆமதாபாத் புல்லட் பாதை 508 கிலோமீட்டர். முதலில் போட்ட மதிப்பீடே ரூ.1,08,000 கோடி. கிலோமீட்டருக்கு ரூ.200 கோடிக்கு மேல்! அதே விகிதத்தில் சென்னை-மதுரைக்கும் ஒரு லட்சம் கோடி ஆகும். அந்த முதலுக்கு வட்டி கட்ட டிக்கெட் விலை எங்கே போய் நிற்கும்? மளிகைக் கடைக்காரர் ஏற முடியுமா? வேகத்துக்காகத் திண்டுக்கல்லில் நிறுத்தாமல் போனால் நமக்கு என்ன பயன்?

வந்தே பாரத் 160 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற வண்டி. திண்டுக்கல்-சென்னை 430 கிலோமீட்டரில் அதன் சராசரி வேகம் 85-ஐ ஒட்டியே இருக்கிறது. இருக்கும் பாதையைச் சீர்செய்து சராசரியை 110 ஆக்கினால் நான்கு மணியில் சென்னை. புல்லட் செலவில் சிறு பங்கில் இதை முடிக்கலாம்.

இரவு வண்டியில் ஏறி, பகலில் கொள்முதல் முடித்து, அன்றிரவே திரும்பி மறுநாள் கடை திறப்பது நம் வழக்கம். லாட்ஜ் செலவும் இல்லை, கடை அடைப்பும் ஒரு நாளே. ஆகவே இரவு வண்டிகளில் கூடுதல் இடம், விரைவு வண்டிகளுக்குத் திண்டுக்கல்லில் நிறுத்தம், பாதையில் வேகம் ஆகிய மூன்றையும் சங்கத்தின் மூலம் ரயில்வேயிடம் வலியுறுத்துவோம். புல்லட் வரும்போது வரட்டும். கையில் இருக்கும் தண்டவாளத்தை முதலில் கேட்டுப் பெறுவோம்.