மேகம் சொல்லும் சேதி

“தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.” டி.வி.யில் இப்படிச் சொன்ன அன்று நம் ஊரில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்றால், “அறிக்கை தப்பு!” என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதற்கு முன்னால், அந்த ‘ஓரிரு இடங்கள்’ என்பதற்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோமா, குழந்தைகளே?

ஒரு பகுதியில் மழையை அளக்கும் நிலையங்கள் 100 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 25 நிலையங்கள் வரை மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை என்றால் ‘ஒருசில இடங்கள்’. 75-க்கு மேல் போனால் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றாலே முக்கால்வாசி இடங்களில் மழை இருக்காது என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது!

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம் செயற்கைக்கோள் படங்கள், ரேடார், வானில் பறக்கவிடும் பலூன்கள் ஆகியவை தரும் தகவல்களை எல்லாம் சேர்த்து முன்னறிவிப்பு தருகிறது. அது மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் தெருவில் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று அறிய, நீங்களும் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

1802-இல் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட் என்பவர், வடிவத்தை வைத்து மேகங்களை வகை பிரித்தார். இவர் மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவர். அவர் காட்டிய வழியில்தான் இன்றும் உலகம் மேகங்களைப் பத்து வகைகளாகப் பிரிக்கிறது. அவற்றில் நான்கைத் தெரிந்துகொண்டாலே நமக்குப் போதும்.

மிக உயரத்தில், மெல்லிய வெள்ளை இழைகளாகத் தெரிவது கீற்று மேகம். பெரும்பாலும் 6 கிலோ மீட்டருக்கு மேலே இருக்கும். அங்கே கடுங்குளிர் என்பதால், இது முழுக்கப் பனித் துகள்களால் ஆனது. இதிலிருந்து மழை தரைக்கு வராது.

வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தாழ்வாகப் பரவிக் கிடப்பது படை மேகம். இது தூறலோடு நின்றுவிடும். கொடைக்கானலில் பனிமூட்டத்துக்குள் நடந்திருக்கிறீர்களா? தரையைத் தொட்டுவிட்ட மேகத்துக்குள்தான் நடந்திருக்கிறீர்கள்!

வெயில் நாளில் பஞ்சுப் பொதிபோல் மிதப்பது திரள் மேகம். அதன் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள், தட்டையாக இருக்கும். சூடான காற்று தரையிலிருந்து மேலே போகப் போகக் குளிர்கிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்ததும், அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறத் தொடங்குகிறது. அந்த உயரம்தான் மேகத்தின் அடிப்பக்கம். இந்த நுண்துளிகள் மிகச் சிறியவை. சுமார் பத்து லட்சம் துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உருவாகும்.

நண்பகலில் சிறிதாக இருந்த திரள் மேகம், மாலைக்குள் அகலத்தைவிட உயரத்தில் அதிகமாக வளர்ந்தால் உஷாராகிவிடுங்கள். அது கார்திரள் மேகமாக மாறுகிறது. 15 கிலோ மீட்டர் உயரம்வரைகூட வளரும். இதற்குமேல் எழ முடியாத உயரத்தை எட்டியதும், உச்சி பக்கவாட்டில் தட்டையாக விரியும். அடிப்பக்கம் கறுத்துவிடும். உள்ளே பனித் துகள்கள் மோதி மோதி மின்னூட்டம் சேர்கிறது, மின்னல் பிறக்கிறது. மழைக்குச் சற்று முன்னால் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று அடிக்கிறதே, அது மழையோடு சேர்ந்து மேகத்திலிருந்து கீழே இறங்கிப் பரவும் குளிர்ந்த காற்று.

எந்தத் திசையில் பார்ப்பது? சென்னைப் பிள்ளைகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்தில் மேற்கே பார்க்க வேண்டும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வெயிலில் உருவாகும் இடிமேகங்கள், அங்கிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது வங்கக் கடல் பக்கம், அதாவது கிழக்கே பாருங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் கேட்க மூன்று நொடி ஆனால், மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால், இந்தக் கணக்கை வீட்டுக்குள் இருந்துதான் போட வேண்டும். இடி காதில் விழுந்தாலே விளையாட்டை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

நாளையிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். காலையில் வானிலை அறிக்கை என்ன சொன்னது, மாலையில் எந்த மேகம் எந்தத் திசையில் தெரிந்தது, மழை வந்ததா இல்லையா என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு பருவமழைக் காலம் முழுக்க விடாமல் எழுதினால், உங்கள் ஊர் வானத்தைப் பற்றி உங்களிடம் ஓர் உண்மையான ஆவணம் இருக்கும். அறிவியல் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதிப் பாருங்கள்!