நாட்டின் நண்பர்கள்!

பெயரைக் கேட்டாலே இனிக்கிறது: ‘நாட்டு நண்பர்கள் பொருளாதாரச் சங்கம்!’ 1781-ஆம் ஆண்டு பிலிப்பைன்சின் மணிலா நகரில் தோன்றிய சங்கம் இது. தோற்றுவித்தவர் அந்நாட்டு மைந்தர் அல்லர்; அந்நாட்டை ஆள வந்த ஸ்பானிய ஆளுநர் ஹோசே பாஸ்கோ.

அந்நாளில் மணிலாவின் செல்வம் கப்பலிலே மிதந்தது. சீனத்துப் பட்டு மெக்சிகோவுக்குப் போகும். அங்கிருந்து வெள்ளி வரும். காலடியில் கிடந்த வளமான மண்ணை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. மெக்சிகோ அனுப்பும் மானியத்தை எதிர்நோக்கியே ஆட்சி நடந்தது. இந்த நிலையை மாற்ற முனைந்தார் பாஸ்கோ. அவுரி, பருத்தி, மிளகு, பட்டு ஆகியவற்றைப் பெருக்கச் சங்கம் ஊக்கமளித்தது, பரிசுகளை அறிவித்தது. பிற்காலத்தில் ஓவியப் பள்ளி ஒன்றையும் நடத்தியது. ஓவியர் டாமியன் டொமிங்கோ அதில் பொறுப்பேற்றார். நல்லதை நல்லது என்று கூற நாம் தயங்கவில்லை.

ஆனால், அதே பாஸ்கோவின் இன்னொரு கரம் செய்ததென்ன? 1782-இல் புகையிலை அரசின் ஏகபோகமாயிற்று! எங்கே பயிரிடுவது என்பதை அரசு கூறும். விலையையும் அரசே கூறும். ககயான் பள்ளத்தாக்கின் உழவன், இத்தனை செடி நட்டே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டான். தான் வளர்த்த இலையைத் தன் வீட்டிலே ஒளித்துவைத்தால் அவன் குற்றவாளி! சோதனை, அபராதம், தண்டனை! பின்னாளில் கூலியாகக் கிடைத்ததோ பணமல்ல, சீட்டு! கொடுமை 1882 வரை, நூறாண்டுக் காலம் நீடித்தது.

ஒரு கையிலே பரிசு, மறு கையிலே சாட்டை! அந்தப் பரிசேனும் யாருக்குக் கிடைத்தது? 1837-இல் காப்பித் தோட்டத்துக்கான பரிசைப் பெற்றவர் கிரோனியர் என்ற பிரெஞ்சுக்காரர், பெரும் பண்ணைக்காரர்!

பாஸ்கோ 1787-இல் பதவி விட்டு விலகியதும் சங்கம் சோர்ந்தது. 1819-இல்தான் மீண்டும் தலைதூக்கியது. வியப்பென்ன? ஆளுநரின் ஆர்வத்திலே வேர்விட்ட மரம், அவர் போனதும் வாடத்தானே செய்யும்! மக்களிடம் வேர்விட்டிருந்தால் வாடியிருக்குமா?

விளைச்சல் பெருகுவது மட்டும் முன்னேற்றமாகிவிடாது. விளைவித்தவன் தன் பொருளுக்கு விலை கூறும் உரிமை பெறவேண்டும். அந்த உரிமையைப் பறித்துக்கொண்டு, புதுப் பயிரும் பரிசும் தருபவரை ஆண்டை என்று அழைக்கலாம். நாட்டின் நண்பர் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை!