பிரேக் இல்லாத பந்தயம், திட்டமுள்ள பயணம்

"இந்த ஆண்டு விடுமுறையில் குடும்பத்தோடு எங்கேனும் வெளிநாடு சென்று வரலாமா?" என்று இரவு உணவின்போது நீங்கள் பேச்செடுக்கிறீர்கள். உடனே வீடு கலகலப்பாகிவிடுகிறது. இல்லத்தரசிக்குப் பழைமையான ஊர்களைக் காண ஆசை. மகளுக்கு வானியல் நூல்களில் படித்த இடங்களைப் பார்க்க ஆசை. வயதான உம்மாவுக்கு நடை குறைவாகவும் தொழ இடம் வசதியாகவும் இருந்தால் போதும். ஆனால் பதினாறு வயது மகனோ, "வாப்பா, ஸ்பீட்வே பந்தயம் பார்க்கப் போவோம்!" என்கிறான். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை ஒரு மாலை நேர மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காகச் செலவிடுவதா என்று நீங்கள் திகைக்கிறீர்கள்.

அவன் ஆசையைத் தட்டிக் கழிக்க வேண்டியதில்லை. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. அந்த ஒரு மாலையை நடுவில் வைத்து, வீட்டார் அனைவருக்கும் பங்கு கிடைக்கும்படி ஒரு பயணத்தை அமைக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும். அதற்கு முதலில் அந்தப் பந்தயம் இன்னதென்று பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

நான்கு வீரர், நான்கு சுற்று

முட்டை வடிவ மண் தடம். அதில் நான்கு வீரர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் நான்கு சுற்றுகள் விரைகிறார்கள். வண்டி 500 சி.சி. திறன் கொண்டது; மெத்தனாலில் ஓடுவது; ஒரே ஒரு கியர்தான். பிரேக் அறவே கிடையாது! வளைவு வந்ததும் பின் சக்கரத்தை மண்ணில் சறுக்கவிட்டு, இடக்காலைத் தரையில் ஊன்றி வண்டியைத் திருப்புகிறார்கள். ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாமவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி வீரருக்கு ஒன்றுமில்லை.

1923ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லண்ட் ஊரில் நடந்த பந்தயத்தை இதன் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுவர். 1928இல் அது இங்கிலாந்துக்கு வந்தது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 1936இல் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் நடைபெற்றது. 1995 முதல், ஒரே நாளில் சாம்பியனை முடிவு செய்யும் முறை மாறி, பல நாடுகளில் பல சுற்றுகளாக நடக்கும் கிராண்ட் பிரீ தொடர் வந்தது. அத்தொடரின் முதல் பந்தயம் நடந்த நாடு போலந்து.

இன்றும் இவ்விளையாட்டை உயிராய் மதிக்கும் நாடு போலந்துதான். அந்நாட்டின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என ஆறு முறை உலகப் பட்டம் வென்றிருக்கிறார். எனவே, மகனின் ஆசைக்கு இணங்குவதானால் போலந்தையே தேர்ந்தெடுப்பது பொருத்தம். அதிலும் தோருன் என்ற ஊரை மனத்தில் வைத்து இக்கட்டுரையைப் படியுங்கள். ஸ்பீட்வேக்கென்றே கட்டப்பட்டு 2009இல் திறக்கப்பட்ட மோட்டோஅரீனா அங்கே உள்ளது. 2024ஆம் ஆண்டுத் தொடரின் இறுதிப் பந்தயம் அந்த அரங்கில்தான் நடைபெற்றது.

முதலில் தேதி, பிறகு டிக்கெட்

பந்தயம் நடக்கும் ஊர்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. இடையில் இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 2001 முதல் 2024 வரை பிரிட்டனின் பந்தயம் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் நடந்தது. 2025இல் அது மான்செஸ்டருக்கு மாறிவிட்டது. ஆகவே சென்ற ஆண்டு நடந்தது, இவ்வாண்டும் நடக்கும் என்று எண்ணி விமான டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். அவ்வாண்டின் அட்டவணை வெளியானதும் ஊரையும் தேதியையும் உறுதி செய்துகொண்டு, பந்தய நுழைவுச்சீட்டைப் பெற்ற பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

கிராண்ட் பிரீ சீட்டு கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போலந்தின் எக்ஸ்ட்ராலிகா குழுப் போட்டிகள் நடைபெறுகின்றன. இரு ஊர்க் குழுக்கள் 15 ஓட்டங்களில் மோதும். உலகச் சாம்பியன்களும் இக்குழுக்களில் ஓடுகிறார்கள். ஊர் மக்களின் ஆரவாரத்தைக் காண அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஒரு மாலையை மட்டும் நம்பாதீர்கள்

2015ஆம் ஆண்டு ஏப்ரலில் வார்சா தேசிய அரங்கில் ஒரு பெரும் பந்தயம். போலந்து மக்களின் நாயகனான தோமாஷ் கோலோப் கிராண்ட் பிரீயிலிருந்து விடைபெறும் நாள் அது. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கூடியிருந்தனர். ஆனால் தற்காலிகமாக அமைத்த தடமும் தொடக்கக் கருவியும் சரியாக இல்லாததால், பன்னிரண்டு ஓட்டங்களோடு பந்தயம் நிறுத்தப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் ஏமாற்றத்தோடு வெளியேறின.

வெயில் பொழியும் ஊர்களிலும் மழை வரும். தோருன் அரங்கில் பார்வையாளர் தலைக்கு மேல் கூரை உண்டு, தடத்துக்கு இல்லை. மண் தடம் நனைந்து சேறானால் பந்தயம் மறுநாளுக்குத் தள்ளிப்போகலாம். சனிக்கிழமை பந்தயம் என்றால் ஞாயிறு காலை விமானத்தைப் பதிவு செய்வது பெருந்தவறு. திங்கட்கிழமை புறப்படும்படி வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் ஞாயிறு பந்தயத்துக்கு. வராவிட்டால் ஞாயிறு ஊர் பார்ப்பதற்கு. இப்படித் திட்டமிட்ட வீட்டில் மழைக்கு அஞ்சி எவரும் முகம் வாட வேண்டியதில்லை.

விசாவும் செலவும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் போலந்து செல்ல ஷெங்கன் விசா பெறவேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உடையோருக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு அது தேவையில்லை. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். வழக்கமாகப் பதினைந்து நாட்களில் முடிவு கிடைக்கும். சில வேளைகளில் 45 நாட்கள் வரை நீளும். கோடைக்காலத்தில் விண்ணப்பம் கொடுப்பதற்கான நாள் கிடைப்பதே கடினம். ஆதலால் மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் குறைந்தோருக்கு இல்லை. விசா மறுக்கப்பட்டால் இப்பணம் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். பெற்றோரில் ஒருவர் உடன் வரவில்லையென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் தயாராக இருக்கட்டும்.

விசா கைக்கு வருமுன் திரும்பப் பெற முடியாத பணத்தை எதிலும் முடக்காதீர்கள். போலந்தின் நாணயம் யூரோ அன்று, ஸ்வாட்டி என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரங்கில் கவனிக்க வேண்டியவை

முன்வரிசைதான் சிறந்த இடம் என்று எண்ணிவிடாதீர்கள். வளைவில் சறுக்கும் சக்கரங்கள் வாரியிறைக்கும் மண், அங்கே அமர்ந்திருப்போர் மேல் மழையாய்ப் பொழியும். சற்று உயரமான வரிசையே குடும்பத்துக்கு ஏற்றது. தடம் முழுவதும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். ஓசை மிக அதிகம். சிறு பிள்ளைகளுக்குக் காது மூடியும், பெரியோருக்குச் செவியடைப்பானும் ஊரிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள். செப்டம்பர் இரவுகளில் குளிர் உறைக்கும். ஆளுக்கொரு கம்பளிச் சட்டை அவசியம்.

நுழைவாயிலில் நிகழ்ச்சி நிரல் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீரர்கள் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என நான்கு நிறத் தலைக்கவச உறை அணிவர். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் புத்தகத்தின் கட்டங்களில் புள்ளிகளைப் பேனாவால் எழுதிக் கூட்டுவது அந்நாட்டு ரசிகர்களின் நெடுநாள் பழக்கம். அந்தப் பொறுப்பை மகளிடம் கொடுத்துப் பாருங்கள்! மொத்தம் 23 ஓட்டங்கள். பத்தாம் ஓட்டத்துக்குள் அண்ணனுக்கே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

தொழுகையும் உணவும்

பந்தயம் பெரும்பாலும் மாலை 7 மணிக்குத் தொடங்கும். போலந்தில் ஜூன் மாதச் சூரியன் இரவு 9 மணிக்கு மேல்தான் மறையும். செப்டம்பர் இறுதியிலோ ஆறரை மணியளவில் மறைந்துவிடும். எந்த மாதம் செல்கிறீர்களோ அதற்கேற்ப மஃரிப், இஷா தொழுகைகளின் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பிரயாணிகளுக்குரிய சலுகைகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்து செல்வது மன அமைதி தரும். தலைநகர் வார்சாவில் பள்ளிவாசல்கள் உண்டு. வெள்ளியன்று அங்கே ஜும்ஆவை நிறைவேற்றிவிட்டு, பிற்பகல் ரயிலில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் தோருனை அடையலாம். பந்தயத்துக்கு முந்தைய இரவே ஊரில் இருப்பது எல்லா வகையிலும் நலம்.

உணவில் விழிப்பு வேண்டும். பன்றி இறைச்சி அந்நாட்டில் பரவலான உணவு. அதன் பெயர் 'வியெப்ஷோவினா'. அச்சொல்லை வீட்டில் எல்லோரும் மனனம் செய்துகொள்ளுங்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பொதிந்த 'பியெரோகி' என்னும் கொழுக்கட்டை நமக்கு ஏற்றதாகத் தோன்றும். ஆனால் அதன் மேல் பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவும் வழக்கமும் உண்டு. கேட்டு உறுதி செய்த பின்பே உண்ணுங்கள். கெபாப் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தாலும் எல்லாமே ஹலால் அல்ல. சமையலறையுடன் கூடிய தங்குமிடம் எடுத்தால் உம்மாவின் உணவுக் கவலையும் தீரும், செலவும் குறையும்.

பந்தயம் வேண்டாதவர்களுக்கு

தோருன், வானியல் அறிஞர் கோப்பர்னிக்கஸ் 1473இல் பிறந்த ஊர். அதன் பழைய நகரம் 1997 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். கோப்பர்னிக்கஸ் பெயரிலான இல்ல அருங்காட்சியகமும், கோளரங்கமும், இஞ்சியும் தேனும் சேர்ந்த ரொட்டியைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கும் அருங்காட்சியகமும் நடை தூரத்தில் உள்ளன. 1543இல் வெளியான தம் பெருநூலில், ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் வானியலாளர் அல்பத்தானியின் கணிப்புகளை அவர் எடுத்தாண்டிருக்கிறார். இதை உங்கள் மகளிடம் அந்த ஊர்த் தெருவில் வைத்தே சொல்லுங்கள். அவள் பாடநூலில் படித்ததற்கும் தன் முன்னோருக்கும் உள்ள தொடர்பு அப்போது விளங்கும்.

தெருக்கள் கல் பதித்தவை. உம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால், பழைய நகரத்தை ஒட்டியே அறை எடுத்து, நடையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால் நாட்டின் கிழக்கு எல்லைக்குச் செல்லலாம். 1679இல் மூன்றாம் யான் சோபியெஸ்கி மன்னர், தம் படையில் பணியாற்றிய தாத்தாரிய முஸ்லிம்களுக்கு அங்கே நிலம் வழங்கினார். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். குருஷினியானி, போஹோனிகி என்னும் இரு சிற்றூர்களில் அவர்களின் மரப் பள்ளிவாசல்களைக் காணலாம். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக, சுற்றிலும் வேற்றுச் சமயத்தார் வாழும் நிலத்தில் தம் ஈமானைக் காத்து வந்த மக்கள் அவர்கள். வார்சாவிலிருந்து பியாவிஸ்டோக் வரை ரயிலிலும், அதற்கப்பால் காரிலும் செல்லவேண்டும்.

மகனிடம் பேசவேண்டியது

இறுதியாக, பெற்றோர் தவிர்க்கக் கூடாத ஒன்று. இது ஆபத்தான விளையாட்டு. 2015 ஆகஸ்டில் போலந்தில் நடந்த ஒரு பந்தயத்தில் விழுந்த ஆஸ்திரேலிய இளைஞர் டார்சி வார்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அப்போது அவருக்கு வயது 23. 2010இல் உலகப் பட்டம் வென்ற தோமாஷ் கோலோப், 2017இல் மோட்டோகிராஸ் பயிற்சியில் விழுந்து முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு ஆளானார். உங்கள் மகன் இதை அறிந்தே பார்க்கட்டும். பயிற்சி பெற்ற வீரர்கள் மூடிய தடத்தில் ஓடியும் நிகழ்ந்த விபத்துகள் இவை. அப்படியிருக்க, நம் ஊர்ச் சாலையில் கவசமின்றி விரைவது எத்தகைய அறியாமை! வீட்டில் நூறு முறை சொன்ன அறிவுரையைவிட, அரங்கில் ஒரு வீரர் சறுக்கி விழும்போது எழும் அந்த அமைதி அவனுக்கு ஆழமாகப் பாடம் சொல்லும்.

அன்பிற்குரியோரே! இன்றிரவே ஒரு தாளை எடுத்து வையுங்கள். பந்தய நாளை நடுவில் எழுதுங்கள். முன்னும் பின்னுமுள்ள நாட்களில் ஒன்றை உம்மாவுக்கும், ஒன்றை மகளுக்கும், ஒன்றை இல்லத்தரசிக்கும் பெயரிட்டு எழுதுங்கள். பந்தயமே நடக்காமல் போனாலும் இப்பயணம் நிறைவாயிருக்குமா என்று எல்லோரையும் கேளுங்கள். "ஆம்" என்று மகனும் சேர்ந்து சொன்னால், இன்ஷா அல்லாஹ், மறுநாளே பணம் சேர்க்கத் தொடங்கலாம். அவன் தயங்கினால் மேலும் ஓராண்டு பொறுங்கள்.